வட அமெரிக்கச் சரக்குப் பெட்டிகள், கிராஃபிட்டி: படமெடுக்கும்போது எதை விடக்கூடாது?

#1 கடைசிப்பெட்டி

பெட்டியின் மேலுள்ள ஓவியத்தை மட்டும் வெட்டியெடுத்துப் போடும் படங்கள் இந்த மன்றத்தில் பெருகிக்கொண்டே வருகின்றன. அழகாக இருக்கின்றன, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எந்தப் பெட்டி, எந்தப் பக்கம், என்றைக்கு எடுத்தது என்ற மூன்றும் தெரியாவிட்டால் அந்தப் படத்தை வைத்து வேறெதுவும் செய்ய முடியாது. அதே பெட்டி ஆறேழு வருஷம் கழித்து வெளிறிப்போய், பாதி ஓவியத்தின் மேல் வேறொருவர் வரைந்திருக்க, இன்னொரு மாநிலத்தில் வந்து நிற்கும். எண் இருந்தால்தான் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

இதில் அவசரமும் இருக்கிறது. 1974 ஜூலை முதல் கட்டிய பெட்டிகள், ஒரு ரயில்வேயிலிருந்து இன்னொன்றுக்கு மாறி ஓட, 50 வருஷம்தான் வரம்பு. ரெயில்பாக்ஸ் என்ற பொதுப் பெட்டி நிறுவனம் தொடங்கியது 1974-ல். அதன் மஞ்சள் பாக்ஸ்கார்களும் (கூரையும் சுவரும் மூடிய பெட்டிகள்), அதே காலத்தில் சின்னச் சின்ன ரயில்வேக்களின் பெயரில் கட்டிக் குவித்த 50 அடிப் பெட்டிகளும் 2024 தொடங்கி வரிசையாக வயதைத் தாண்டுகின்றன. பெட்டி உடைக்கப் போகும்போது அதன் மேல் முப்பது வருஷமாகச் சேர்ந்த பெயின்டும் கூடவே போகிறது.

ஆகவே முதல் படம் முழுப் பெட்டிக்கு: கப்ளரிலிருந்து (இணைப்புக் கொக்கி) கப்ளர் வரை, சக்கரம் தண்டவாளத்தைத் தொடும் இடம் தெரிய, நேர்ப் பக்கவாட்டில். இரண்டாவது, ரிப்போர்ட்டிங் மார்க்கும் (உரிமையாளரைக் காட்டும் எழுத்துகள்) எண்ணும் எடை எழுத்துகளும் படிக்கிற அளவுக்கு. மூன்றாவதுதான் ஓவியம்.

பக்கத்தைக் குறிப்பது எளிது. ஹாண்ட் பிரேக் சக்கரம் உள்ள முனை பி முனை. அந்த முனையை நேருக்கு நேர் பார்த்து நின்றால் உங்கள் வலக்கைப் பக்கம் ஆர், இடக்கைப் பக்கம் எல். பக்கவாட்டுப் படத்தில் பிரேக் சக்கரம் இடது ஓரத்தில் இருந்தால் நீங்கள் பார்ப்பது ஆர் பக்கம். இரண்டு பக்கத்துக்கும் எண் ஒன்றுதான், ஓவியங்கள் வேறு. பக்கத்தை எழுதாமல் விட்டதால் ஒரே பெட்டியை "அழித்து மறுபடி வரைந்திருக்கிறார்கள்" என்று தப்பாகப் பதிவு செய்த இழைகள் பழைய பக்கங்களில் நிறைய இருக்கின்றன.

#2 மெயின்லைன்மணி

நின்ற வண்டி என்றால் இதெல்லாம் சரி. மணிக்கு 40 மைல் வேகத்தில் ஓடும் வண்டியில் ஒரு பெட்டிக்கு ஒரு படம் கிடைப்பதே பெரிசு. ஷட்டரை 1/1000 வினாடியில் வைத்து எடுத்தாலும் சின்ன எழுத்து கலங்கிவிடுகிறது. இன்னொன்று, சில படங்களில் பாக்ஸ்கார் சாய்சதுரம் மாதிரி ஒரு பக்கமாகச் சாய்ந்து வருகிறது. லென்ஸ் கோளாறா?

#3 துல்லியன்

லென்ஸ் இல்லை, ஷட்டர். முதலில் கலங்கலைக் கணக்குப் பார்ப்போம்.

50 அடி பாக்ஸ்கார் கப்ளரோடு சேர்த்து சுமார் 17 மீட்டர். இரண்டு ஓரத்திலும் கொஞ்சம் இடம் விட்டால் படத்தின் அகலம் 20 மீட்டர். 24 மெகாபிக்சல் கேமராவில் அகலம் 6000 பிக்சல், ஆக ஒரு பிக்சலுக்கு 3.3 மில்லிமீட்டர். 40 மைல் வேகம் என்றால் வினாடிக்கு 18 மீட்டர். 1/1000 வினாடியில் பெட்டி 18 மி.மீ. நகர்கிறது: ஐந்தரை பிக்சல் இழுப்பு. 1/2000-ல் சுமார் மூன்று பிக்சல், 1/4000-ல் ஒன்றரைக்குள். 10 மைல் வேகத்தில் வரும் வண்டிக்கு 1/1000-லேயே அந்த ஒன்றரை கிடைத்துவிடும். அதனால் வண்டி மெதுவாகப் போகிற இடத்தைத் தேடுவது விலை கூடிய லென்ஸ் வாங்குவதைவிடப் பயன் தரும்: யார்டுக்குள் (பெட்டிகளைப் பிரித்துச் சேர்க்கும் இடம்) நுழையும் வளைவு, ஏற்றம், இரண்டு பாதை குறுக்கிடும் டயமண்ட், சைடிங் (ஒதுங்கு பாதை) முனை.

ஓர் அங்குல உயர எழுத்துக்கு இந்த அளவில் எட்டு பிக்சல்தான் கிடைக்கும். ஓட்டத்தில் அதைப் படிக்கலாம் என்று எதிர்பார்க்காதீர்கள். பெரிய எண் பதிந்தால் போதும்.

இனி சாய்வு. சைலன்ட் ஷட்டர், அதாவது எலெக்ட்ரானிக் ஷட்டர், சென்சாரை மேலிருந்து கீழாக வரி வரியாகப் படிக்கிறது. முழுப் படத்தைப் படிக்க 1/30 வினாடி ஆகும் கேமராவில், அதற்குள் பெட்டி 60 சென்டிமீட்டர் ஓடிவிடும். பெட்டியின் உயரம் படத்தில் ஐந்தில் இரண்டு பங்கு என்றால், கூரைக்கும் அடிச்சட்டத்துக்கும் நடுவே 23, 24 செ.மீ. சாய்வு. மெக்கானிக்கல் ஷட்டரின் திரை சுமார் 1/250-ல் கடந்துவிடும், சாய்வு 3 செ.மீ.க்குள் அடங்கும், கண்ணுக்குத் தெரியாது. ஆகவே சைலன்ட் மோடை அணைத்துவிடுங்கள். ஷட்டர் வேகத்தை 1/8000 ஆக்கினாலும் இந்தச் சாய்வு போகாது, அது வேறு விஷயம். போனில் எடுப்பவர்களுக்கு மெக்கானிக்கல் ஷட்டரே கிடையாது, வண்டி நிற்கும்போது மட்டும் எடுப்பது நல்லது.

#4 மெயின்லைன்மணி

நன்றி. எவ்வளவு தூரத்தில் நிற்பது? எக்ஸ்போஷர்?

#5 துல்லியன்

ஃபுல் ஃப்ரேமில் (36 மி.மீ. அகல சென்சார்) 50 மி.மீ. லென்ஸ் என்றால் பாக்ஸ்காருக்கு 28 மீட்டர். 35 மி.மீ. என்றால் 19, 20 மீட்டர். அதைவிடச் சிறிய சென்சார் உள்ள ஏபிஎஸ்-சி கேமராவில் 35 மி.மீ. போட்டால் 30 மீட்டர். ஆட்டோரேக் (கார்களை அடுக்கி ஏற்றும் பெட்டி) 28 மீட்டருக்கு மேல் நீளம், படத்தின் அகலத்தை 32 ஆக வையுங்கள்: 50 மி.மீ.க்கு 44 மீட்டர் வேண்டும். கலப்புச் சரக்கு வண்டியில் இரண்டும் மாறி மாறி வரும் என்பதால் ஆட்டோரேக்குக்கு அளந்து நின்றுகொண்டு பாக்ஸ்காரைப் பின்னால் வெட்டிக்கொள்வதே சரி. ஜூமைத் திருகிக்கொண்டிருந்தால் இரண்டும் தப்பும்.

கிட்டே போனால் கெடுவது எது என்றால், வெளி விலா உள்ள பெட்டிகள். விலா 10 செ.மீ. துருத்திக்கொண்டிருந்தால், 28 மீட்டரிலிருந்து பார்க்கும்போது பெட்டியின் ஓரங்களில் ஒவ்வொரு விலாவும் 3 செ.மீ. ஓவியத்தை மறைக்கும். 19 மீட்டரிலிருந்து நாலரை. எழுத்தின் ஓரக்கோடு அங்கேதான் காணாமல் போகிறது.

எல்லாமே மேனுவலில். ஆட்டோ எக்ஸ்போஷரில் வெள்ளை ரீஃபர் (குளிர்பதனப் பெட்டி) வரும்போது படம் இருளும், அடுத்து கறுப்பு டேங்க் கார் வந்தால் வெளுக்கும். நல்ல வெயிலில் ஐ.எஸ்.ஓ. 400, எஃப் 8, 1/1600. மாலை வெயிலுக்கு எஃப் 5.6. வரிசையில் வெள்ளை ரீஃபர் அதிகம் என்றால் எக்ஸ்போஷரை மூன்றில் ஒரு ஸ்டாப் (வெளிச்ச அளவின் படி) குறைத்து வையுங்கள், நிழலை ரா கோப்பிலிருந்து மீட்கலாம், எரிந்துபோன வெள்ளையை மீட்க முடியாது. ஃபோகஸைத் தண்டவாளத்தில் வைத்து, மேனுவலுக்கு மாற்றி, வளையத்தைத் தொடாதீர்கள். 28 மீட்டரில் 50 மி.மீ., எஃப் 5.6-க்கு ஆழம் தாராளம். ஆட்டோஃபோகஸை விட்டால் இரண்டு பெட்டிக்கு நடுவிலுள்ள சந்து வழியாகப் பின்னாலிருக்கும் மரத்தைப் பிடித்துக்கொள்ளும்.

40 மைலில் ஒரு 50 அடிப் பெட்டி ஒரு வினாடிக்குள் கடக்கும். 100 பெட்டிக்கு, பெட்டிக்கு இரண்டு என்று 200 ரா படம். கார்டில் 6 ஜிபி காலியாக இருக்கட்டும்.

#6 நிழல்பக்கம்

வெளிச்சத்தைப் பற்றி யாரும் சொல்லவில்லை. எஞ்சின் படத்துக்குப் பழகியவர்கள் வெயில் மூக்கில் விழுகிறதா என்று பார்ப்பார்கள். பெட்டிக்கு வேண்டியது பக்கச் சுவரிலும் சக்கரத் தொகுதியிலும் ஒரே அளவாக விழும் வெயில். கோடையில் 11 மணி முதல் 3 மணி வரை எடுக்கவே வேண்டாம்: கூரை எரியும், சுவர் இருளும், அடிச்சட்டத்துக்குக் கீழே ஒன்றும் தெரியாது. சூரியன் 20 முதல் 35 பாகை உயரத்தில், உங்கள் முதுகுக்குப் பின்னால் கொஞ்சம் ஒதுங்கி இருக்கட்டும்.

"கொஞ்சம் ஒதுங்கி" என்று சொல்லக் காரணம் உண்டு. அமெரிக்க ஃபெடரல் ரயில்ரோட் நிர்வாகத்தின் 2005-ஆம் ஆண்டு விதிப்படி எல்லாச் சரக்குப் பெட்டியிலும் மஞ்சள் அல்லது வெள்ளை ஒளிதிருப்பும் பட்டைகள் ஒட்டியிருக்கின்றன. இவை ஒளியை வந்த திசைக்கே திருப்பியனுப்பும். தாழ்ந்த சூரியன் நேர் முதுகுக்குப் பின்னால் இருந்தால், உங்கள் நிழல் பெட்டியை நோக்கி நீண்டால், அந்தப் பட்டைகள் விளக்குப் போட்டாற்போல எரிந்து பக்கத்திலுள்ள எழுத்தையும் கெடுக்கும். பத்துப் பாகை விலகி நின்றால் அடங்கிவிடும். ஃப்ளாஷ் எக்காரணத்துக்கும் வேண்டாம். பட்டை எரிவது ஒருபுறம், ஓட்டுநரின் கண்ணைக் கூசச் செய்வது அதைவிடப் பெரிய தப்பு.

கிராஃபிட்டிக்கு மட்டும் என்றால் மெல்லிய மேகம் மூடிய வானம்தான் சிறந்தது. விலா நிழல் விழாது, நிறம் அடர்த்தியாக வரும். வெள்ளிப் பெயின்டில் நிரப்பிய எழுத்துகளுக்கு அது இன்னும் முக்கியம். போலரைசர் போட்டால் சரியாகும் என்று நினைக்கிறார்கள். அது மேல் பளபளப்பைக் குறைக்கும், உள்ளிருக்கும் அலுமினியத் துகளின் மினுக்கத்தைக் குறைக்காது. ஒன்றரை ஸ்டாப் வெளிச்சத்தையும் தின்றுவிடும், ஓடும் வண்டிக்கு அந்த இழப்பைத் தாங்க முடியாது.

ஆட்டோரேக்கில் இன்னொரு தொல்லை: பக்கத் தகடுகளில் வரிசையாகத் துளைகள். படத்தைச் சிறிதாக்கும்போது அலை அலையாக மோரே கோலம் விழும். இணையத்துக்குச் சிறிதாக்கும் முன் லேசாக மங்கலாக்கி, பிறகு சுருக்குங்கள்.

#7 நிறக்கூட்டு

கடைசிப்பெட்டி ஐயா சொன்ன வரிசையோடு எனக்கு உடன்பாடு இல்லை. வரைபவர் விலாவுக்கு விலா, கதவுக்குக் கதவு கணக்கிட்டு வரைகிறார். பெட்டியின் நீளம் முழுக்க ஓடும் எண்ட்-டு-எண்ட், கூரை விளிம்புவரை ஏறும் டாப்-டு-பாட்டம், பக்கம் முழுவதையும் மூடும் ஹோல் கார் என்று ஒவ்வொன்றுக்கும் அளவு வேறு. 20 மீட்டரை 6000 பிக்சலில் அடைத்தால் மேல்கோடு, நிறம் நிறத்தோடு கரையும் இடம், ஓரத்தில் சின்னதாக எழுதிய வருஷம், எல்லாம் மசிந்துபோகும். ஓடும் வண்டியில் ஒரு வாய்ப்புத்தான் என்றால் அதை ஓவியத்துக்கே கொடுக்க வேண்டும். எண் எங்கேயாவது கிடைக்கும். படைப்பு கிடைக்காது.

#8 கடைசிப்பெட்டி

நிறக்கூட்டு, நீங்கள் சொல்லும் அந்தச் சின்ன வருஷம் முக்கியம், மறுக்கவில்லை. ஆனால் எண் எங்கேயும் கிடைக்காது. ரீஃபர்களை எடுத்துக்கொள்ளுங்கள். யூனியன் பசிபிக் ரயில்வேயின் ஏ.ஆர்.எம்.என். மார்க் போட்ட வெள்ளை ரீஃபர்கள் ஆயிரக்கணக்கில் ஒரே முகம். எண்ணைத் தவிர ஒன்றையொன்று பிரித்துக் காட்ட எதுவும் இல்லை.

வரைபவர்களே எண்ணை மதிக்கிறார்கள் என்பதைப் பாருங்கள். அனுபவமுள்ளவர்கள் ரிப்போர்ட்டிங் மார்க், எண், எடை எழுத்துகளைச் சுற்றி வெட்டி விட்டுத்தான் வரைகிறார்கள். எண் மறைந்தால் பெட்டியை அடையாளம் காண முடியாது, ரயில்வே அந்த இடத்தில் ஒரு செவ்வகப் பேட்ச் அடித்து எண்ணை மறுபடி ஸ்டென்சில் செய்யும், ஓவியத்தின் ஒரு மூலை போய்விடும். எண்ணை விட்டு வரைந்தால் பெரும்பாலும் அப்படியே வருஷக்கணக்கில் ஓடும், ஏனென்றால் முழுப் பெட்டிக்குப் பெயின்ட் அடிப்பது செலவு, பெட்டி அதுவரை வேலையிலிருந்து நிற்க வேண்டும். ஓவியத்தின் ஓரம் ஏன் அங்கே வளைந்து ஒதுங்குகிறது என்பதே எண்ணையும் சேர்த்து எடுத்தால்தான் புரியும்.

வழி இது: 45 மெகாபிக்சல் கேமரா இருந்தால் அகலம் 8200 பிக்சலுக்கு மேல், ஒரு பிக்சலுக்கு 2.4 மி.மீ. முழுப் பெட்டியிலிருந்தே ஓவியத்தைத் தனியே வெட்டலாம். ஷட்டரையும் அதற்கேற்ப ஏற்ற வேண்டும், இல்லாவிட்டால் கூடுதல் பிக்சல் கலங்கலைத்தான் பெரிதாக்கிக் காட்டும். 24 மெகாபிக்சல்தான் என்றால், பெட்டியின் முன்பாதி ஒன்று, பின்பாதி ஒன்று, நடுவில் கதவு இரண்டிலும் வரும்படி.

#9 நிறக்கூட்டு

முன்பாதி, பின்பாதி முறை எனக்குச் சம்மதம். ஒரே இடத்தில் நின்று, கேமராவைத் திருப்பாமல், பெட்டி நகர நகர எடுத்தால் இரண்டு பாதியும் ஒரே கோணத்தில் பொருந்துகின்றன. எண்ணும் வந்துவிடுகிறது.

#10 ஸ்டென்சில்வாசி

பெட்டியின் மேல் எழுதியிருப்பதை வைத்துக் காலத்தைக் கண்டுபிடிப்பது பற்றிக் கொஞ்சம் விரிவாக.

ரிப்போர்ட்டிங் மார்க் இரண்டு முதல் நான்கு எழுத்து. எக்ஸ் (X) எழுத்தில் முடிந்தால் ரயில்வே அல்லாத தனி உரிமையாளர்: யு.டி.எல்.எக்ஸ்., ஜி.ஏ.டி.எக்ஸ்., டி.டி.எக்ஸ். போன்றவை. பழைய மார்க் இருக்கிறது என்பதால் படம் பழையது என்று முடிவு கட்டாதீர்கள். சதர்ன் பசிபிக் ரயில்வே 1996-ல் யூனியன் பசிபிக்கில் சேர்ந்தது, கான்ரெயில் ரயில்வே 1999-ல் வேறு இரண்டு ரயில்வேக்களுக்குள் பிரிந்தது. அவற்றின் மார்க்குகள் அதன் பிறகும் ஓடின. ஆட்டோரேக்கில் அடியிலுள்ள ஃப்ளாட் காரின் (சுவரில்லாத தட்டைப் பெட்டி) மார்க் டி.டி.எக்ஸ். கம்பெனியுடையதாகவும், மேலுள்ள ரேக்கின் சின்னம் வேறொரு ரயில்வேயுடையதாகவும் இருக்கும். பதிவில் ஃப்ளாட் காரின் எண்ணைத்தான் எழுத வேண்டும்.

எடை எழுத்துகள்: பெட்டியின் வெற்று எடையையும் ஏற்றும் வரம்பையும் கூட்டினால் தண்டவாளத்தின் மேல் வரும் மொத்த எடை. 70 டன் பெட்டிக்கு 2,20,000 பவுண்டு, 100 டன்னுக்கு 2,63,000, அதற்கு மேல் 2,86,000. கலங்கிய படத்தில் ஒரு இலக்கம் 3-ஆ 8-ஆ என்று சந்தேகம் வந்தால் இந்தக் கூட்டல் காட்டிக்கொடுத்துவிடும்.

கட்டிய மாதமும் வருஷமும் பக்கச் சுவரிலேயே இருக்கும். கறுப்புத் தகட்டில் குறுக்குக் குறுக்காக நிறக் கோடுகள் தெரிந்தால் அது கார்ட்ராக் என்ற பழைய அடையாள அட்டை. 1967-ல் ஏற்று, அழுக்குப் படிந்து சரியாகப் படிக்க முடியாமல் 1977-ல் கைவிட்டார்கள். கறுப்புச் சதுரத்தில் மஞ்சள் வட்டம் இருந்தால் அது 1978-ல் நடந்த சக்கரப் பரிசோதனைக் குறி. கூரை மேல் நடைபலகை 1966-க்குப் பின் புதுப் பெட்டிகளில் கிடையாது.

ஓவியத்தின் வயதுக்கு நிழல்பக்கம் சொன்ன ஒளிப்பட்டையே சிறந்த சாட்சி. பட்டை ஓவியத்தின் மேல் ஒட்டியிருந்தால் ஓவியம் முந்தியது. பெயின்ட் பட்டையின் மேல் ஏறியிருந்தால் பிந்தியது. பட்டைகளை ஒட்டி முடிக்கப் பத்து வருஷ அவகாசம் கொடுத்தார்கள், ஆகவே 2005-க்கும் 2015-க்கும் நடுவே ஒரு கோடு கிழித்துக்கொள்ளலாம். பட்டையைச் சுற்றிச் செவ்வகமாகத் துடைத்திருக்கிறதா என்று பெரிதாக்கிப் பாருங்கள், ஒட்டுவதற்கு முன் சுவரைச் சுத்தம் செய்த தடம் அது.

#11 கேபூஸ்வாசல்

ஸ்ப்ரே ஓவியத்திலேயே நின்றுவிட்டீர்கள். மோனிக்கர்களை விட்டுவிடாதீர்கள். ஸ்ப்ரே டப்பா வருவதற்குப் பல பத்தாண்டு முன்பே ரயில்வே தொழிலாளர்களும் நாடோடிகளும் சாக்கட்டியாலும், பிறகு மார்க்கல் போன்ற கெட்டிப் பெயின்டுக் குச்சியாலும் போட்ட கோட்டுருவங்கள். மிசூரி பசிபிக் ரயில்வே ஊழியர் ஜே. எச். மெக்கின்லி வரைந்த போஸோ டெக்ஸினோ என்ற உருவம், பனைமரத்தடியில் தூங்கும் ஹெர்பி, இப்படி நீண்ட மரபு. ஆர்கன்சாவின் கர்டன் ஊரைச் சேர்ந்த பிரேக்மேன் ரஸ்ஸல் பட்லர் 1971-ல் தொடங்கிய கொலோசஸ் ஆஃப் ரோட்ஸ் ஒரே முகம்தான்: தொப்பி, வாயில் பைப். ஆனால் அடியில் எழுதிய வாசகம் மாறிக்கொண்டே இருக்கும். முகத்தோடு வெட்டிவிட்டால் அந்தப் படத்தில் இருந்த தனித்துவமே போய்விட்டது.

இவை பெரும்பாலும் நெஞ்சு உயரத்தில், இரண்டடி அகலத்துக்குள், பெட்டியின் மூலையில் இருக்கும். ஓடும் வண்டியில் பாக்ஸ்காரை முழுதாக எடுத்தால் தெரியும், படிக்க முடியாது. நின்ற வண்டிக்கு, பொதுச் சாலையிலிருந்தே, 200 மி.மீ. லென்ஸ். கோடு மங்கியிருந்தால் படத்தின் சிவப்பு, பச்சை, நீல நிறச் சேனல்களைப் பிரித்துப் பாருங்கள்: பழுப்புச் சிவப்புப் பெட்டியில் வெள்ளைக் குச்சிக் கோடு, நீல சேனலில் பளிச்சென்று எழும்பி வரும், ஏனென்றால் அந்தச் சேனலில் பின்னணி கிட்டத்தட்டக் கறுப்பு.

வெப்ப அலையைக் கவனியுங்கள். வெயில் காய்ந்த ஜல்லியின் மேலே 200 மி.மீ.யில் எடுத்தால் கோடு நெளியும். அதிகாலை, அல்லது மழை விட்ட பிறகு.

#12 மெயின்லைன்மணி

எங்கே நின்று எடுப்பது? யார்டுக்கு வெளியே வேலிக்குப் பக்கத்தில் பாதை மாதிரி இருக்கிறதே?

#13 கடைசிப்பெட்டி

பாதை மாதிரி இருப்பது பெரும்பாலும் ரயில்வே நிலம். அமெரிக்காவில் தண்டவாளத்தின் இரு பக்கமும் தனியார் சொத்து, கால் வைத்தாலே அத்துமீறல். பொதுச் சாலை, பூங்கா, ஸ்டேஷன் பிளாட்ஃபார்மின் பயணிகள் பகுதி, இவற்றில் நின்று எடுக்கத் தடை இல்லை. ஆபரேஷன் லைஃப்சேவர் என்ற ரயில் பாதுகாப்பு அமைப்பு சொல்வது தண்டவாளத்திலிருந்து குறைந்தது 15 அடி, வண்டி தண்டவாளத்துக்கு வெளியே மூன்றடியாவது துருத்தும் என்பதால். நாம் எடுக்கும் அளவுக்கு 60 அடிக்கு மேல் வேண்டும் என்று துல்லியன் கணக்கே சொல்கிறது. கிட்டே போக வேண்டிய தேவையே இல்லை. நின்ற பெட்டிகளுக்கு நடுவே புகுந்து மறுபக்கம் எடுப்பது கூடவே கூடாது, எஞ்சின் கண்ணுக்கே தெரியாத தூரத்தில் இருந்தாலும் இழுவை ஒரு நொடியில் வந்துசேரும்.

இதற்கென்றே அமைத்த இடங்கள் உண்டு. இல்லினாய் ரோஷெல் ரயில் பூங்காவில் யூனியன் பசிபிக், பி.என்.எஸ்.எஃப். ஆகிய இரண்டு ரயில்வேக்களின் பாதைகள் டயமண்டில் குறுக்கிடுகின்றன. ஜார்ஜியா ஃபோக்ஸ்டனில் பார்வையாளர் மேடை. ஒஹையோவின் ஃபோஸ்டோரியாவில் மூன்று பாதைகளுக்கு நடுவே பூங்கா. நெப்ராஸ்கா நார்த் பிளாட்டில் பெய்லி யார்டைப் பார்க்கும் கோல்டன் ஸ்பைக் கோபுரம் உயரமானது, கூரைகளும் ஹாப்பர் மூடிகளும் வேண்டுமானால் போகலாம், பக்கச் சுவருக்குப் பயன்படாது.

கலப்புச் சரக்கு வண்டிக்குக் காத்திருங்கள். நிலக்கரி வண்டியும் கன்டெய்னர் வண்டியும் இந்த வேலைக்கு உதவாது.

#14 எட்டியேழு

எச்ஓ அளவில், அதாவது 1:87-ல், மாடல் செய்பவர்களின் சார்பாக ஒரு வேண்டுகோள்: சக்கரத் தொகுதியை வெட்டாதீர்கள். படத்திலிருந்து டெக்கால் (மாடலில் ஒட்டும் அச்சுப் படம்) அளவு எடுக்க அதுதான் அளவுகோல். சக்கர விட்டத்தை நம்ப முடியாது, 36 அங்குலச் சக்கரம் தேய்ந்தும் கடைந்தும் குறைந்திருக்கும். அச்சிலிருந்து அச்சு தூரம் தேயாது: 100 டன் தொகுதிக்கு 5 அடி 10 அங்குலம், 70 டன்னுக்கு 5 அடி 8 அங்குலம். 100 டன்னுக்கு மாடலில் 20.4 மி.மீ. படத்தில் அந்த இரண்டு அச்சுக்கும் நடுவே எத்தனை பிக்சல் என்று எண்ணி, அதை 20.4 மி.மீ. ஆக்கி அச்சிட்டால் ஓவியமும் சரியான அளவில் வரும். இரண்டு முனைத் தொகுதிகளையும் அளந்து பாருங்கள், எண்ணிக்கை வேறாக இருந்தால் கேமரா நேராக நிற்கவில்லை, முதலில் பெர்ஸ்பெக்டிவைத் திருத்துங்கள்.

கேமராவை மேல்நோக்கிச் சாய்க்காமல் மட்டமாக வைத்து, கீழே வீணாகும் தரையைப் பிறகு வெட்டினால் இந்தத் திருத்த வேலை பாதி குறையும்.

#15 ஸ்டென்சில்வாசி

எட்டியேழு சொன்னதில் ஒரு சேர்க்கை. தொகுதி 70 டன்னா 100 டன்னா என்பதை ஊகிக்க வேண்டாம். எடை எழுத்துகளின் கூட்டுத்தொகை 2,20,000 என்றால் 5 அடி 8. 2,63,000, 2,86,000 இரண்டுக்கும் 5 அடி 10.

#16 மெயின்லைன்மணி

கடைசியாக, கோப்புக்கு என்ன பெயர் வைப்பது?

#17 கடைசிப்பெட்டி

மார்க், எண், பக்கம், தேதி, ஊர், இந்த வரிசையில். எண்ணை ஆறு இலக்கமாக முன்னால் சுழியம் சேர்த்து எழுதுங்கள், அப்போதுதான் கணினி ஒழுங்காக அடுக்கும். தேதியை வருஷம், மாதம், நாள் என்று. எல்லா எழுத்தும் தெரியாவிட்டால் தெரியாத இலக்கத்துக்குக் கீழ்க்கோடு போடுங்கள், ஊகித்து நிரப்ப வேண்டாம். ஒரு தப்பான எண் இரண்டு பெட்டியின் வரலாற்றைக் கெடுக்கும்.

பேட்ச் அடித்து எண் மாறிய பெட்டி என்றால் பழைய எண்ணையும் குறிப்பில் எழுதுங்கள். தாழ்ந்த வெயிலில் பேட்சுக்கு அடியில் பழைய எழுத்தின் விளிம்பு மேடாகத் தெரியும்.

வெட்டாத மூலப் படத்தை அழிக்காதீர்கள்.

#18 நிறக்கூட்டு

வண்டியின் திசையையும் சேர்க்கலாம். அடுத்த முறை அதே பெட்டி எந்தப் பக்கம் காட்டி வந்தது என்று பார்க்க உதவும்.

#19 கடைசிப்பெட்டி

சேர்க்கலாம், ஆனால் பக்கம் எழுதியதற்குப் பதிலாக அல்ல. வை (Y) வளைவில், அதாவது வண்டியைத் திருப்பும் முக்கோணப் பாதையில், திரும்பினால் வண்டி போகும் திசை அதேதான், பெட்டி காட்டும் பக்கம் மாறியிருக்கும். பிரேக் சக்கரம் எந்த ஓரம் என்பதை எழுதுங்கள், அது மாறாது.